அப்பா தவறவிடாத மாத்திரை

அப்பாவுக்கு இதயக் குழாயில் அடைப்பு என்று தஞ்சாவூரில் ஸ்டென்ட் வைத்தபோது, நான் சீர்காழியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒரு வருஷத்துக்கு ஒரு நாள்கூட விடக்கூடாது என்றார்கள். கடைக்கு வருகிறவர்களிடம் நானே தினமும் சொல்கிற பேச்சுதான்.

அந்த வருஷம்தான் எங்கள் வயலில் எரிவாயுக் குழாய் பதிக்க வந்தார்கள். பண்ணையில் கூலியாளாக இருந்து, சங்கத்தில் சேர்ந்து அடிபட்டு, நாற்பது வயதுக்கு மேல் அப்பா தன் பெயருக்குப் பட்டா வாங்கிய மூன்று மா நிலம். நட்ட பயிர் பச்சை பிடித்திருந்த வயலுக்குள் இயந்திரம் இறங்கியதும் அவரை வீட்டில் பிடித்துவைக்க முடியவில்லை. மனு, மறியல், கைது என்று அலைந்தார். மாத்திரையைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துத்தான் அனுப்புவேன்.

சிகிச்சை முடிந்த மூன்றாம் மாதம், மறியலில் கைதானவர்களை அடைத்துவைத்திருந்த கல்யாண மண்டபத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, ஸ்டென்ட் வைத்த இடம் மறுபடியும் அடைத்திருந்தது.

"மாத்திரையை நிறுத்திட்டாராம்மா?" என்று கேட்டார் பணியிலிருந்த டாக்டர்.

"நிறுத்தியிருப்பாருங்க" என்றேன். அப்பாவைக் கேட்காமலே சொன்னேன். பிறகு அவர் கட்டிலருகே போய்க் கத்தினேன். "ஊருக்கு ஒழைக்கிறேன்னு மாத்திரையை விட்டுட்டீங்களாப்பா?"

மூச்சு வாங்கிக்கொண்டே, "போட்டேம்மா" என்றார்.

"பொய் சொல்லாதீங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துப் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "இந்த மாத்திரை அப்படியே வேலை செய்யாதும்மா. கல்லீரல் அதை மருந்தா மாத்தணும். சில பேருக்குப் பொறப்புலயே அந்த மாத்துற சக்தி கொறைவு. சந்தேகமா இருக்கு, வேற மாத்திரை ஆரம்பிச்சிட்டேன். ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பிப் பாத்துருவோம்."

முடிவு வர இரண்டு வாரமானது. அவர் சந்தேகப்பட்டது சரிதான். அப்பா ஒழுங்காக விழுங்கிய மாத்திரையில் பாதிகூட அவர் உடம்பில் மருந்தாகவில்லை. "மொதல்லயே பாத்திருக்கலாமேங்க" என்றேன். எல்லாருக்கும் இந்தப் பரிசோதனை செய்வது வழக்கமில்லை என்றார். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. அதே மாத்திரையைக் கடையில் எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்! யார் உடம்பில் அது வேலை செய்தது, யார் உடம்பில் செய்யவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதான் போட்டேன்னு அன்னைக்கே சொன்னேன்ல" என்றார், அவ்வளவுதான். புது மாத்திரை வேலை செய்தது. ஆனால் இதயத்தில் செத்த பகுதி செத்ததுதான். வாசலிலிருந்து வாய்க்கால்வரை நடப்பதற்குள் இரண்டு முறை உட்கார்ந்தார். அறுப்புக்கு முன்பே போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அம்மா கேட்டாள்: "பொறப்புலயே வர்றதுன்னா, ஒனக்கும் இருக்குமாடி?"

"தெரியலம்மா" என்றேன்.