வலப்பக்கம் கடல்

எங்கள் கூடத்து மேஜையில் நான் விரித்து வைத்திருந்த வரைபடத்தைச் சம்பந்தியம்மா ஒரு கையால் சுழற்றி, கடல் தம் பக்கம் வருமாறு வைத்துக்கொண்டது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. எனக்கு மலை தலைகீழாகப் போயிற்று. “இன்னா சம்மந்தி, லூப்பு லூப்புன்றாங்களே, எங்க லூப் ரோடு மாரி ஒரு ரவுண்டு போய்க்கினு வர்றதா?” என்று கேட்டார். பட்டினப்பாக்கத்தில் கடலை ஒட்டிப் போகும் லூப் ரோட்டில்தான் அவர் இருபத்தைந்து வருஷமாக மீன் விற்கிறார். “இல்லை, கோயில்ல பிரதட்சணம் பண்றோமில்லையா, அந்த மாதிரி” என்றேன் நான். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

என் பிள்ளை அவருடைய பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பேருக்கும் ஆஸ்திரேலியாவில் வேலை. அந்தக் கல்யாணத்தில் நான் புகைப்படத்துக்கு நின்றேன், அட்சதை போட்டேன், வயிறு சரியில்லை என்று சொல்லிச் சாப்பிடாமல் வந்துவிட்டேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது என்பது மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். மயிலாப்பூரில் எங்கள் ஆத்திலிருந்து அவர்களுடைய ஹவுசிங் போர்டு வீட்டுக்கு நடந்து போனால் இருபது நிமிஷம். மூன்று வருஷத்தில் ஒரு தரம்கூட நான் அந்தப் பக்கம் போகவில்லை. கூப்பிடவில்லை என்று சொல்ல முடியாது, பொங்கலுக்குப் பொங்கல் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இந்த நிலையில்தான் மாட்டுப்பெண் வீடியோவில் வந்து குண்டைத் தூக்கிப் போட்டாள். இரண்டு அம்மாக்களும் ஒரே மாதத்தில் அங்கே வரவேண்டும். கடலும் மலையும் சேர்ந்த ஒரு தேசியப் பூங்காவில் நாலு பேருமாக மூன்று பகல், இரண்டு இரவு நடை. கிளம்பிய இடத்துக்கே சுற்றிக்கொண்டு வந்து சேரவேண்டும், சாமான்களை அவரவர் முதுகில் சுமக்கவேண்டும். அதற்கு மேல் ஒரு நிபந்தனை. “ரெண்டு அம்மாவும் ஒண்ணா உக்காந்து ஒரே பிளான் போட்டு அனுப்புங்க. தனித்தனியா ரெண்டு வந்துச்சுன்னா நான் டிக்கெட்டே போடமாட்டேன்.” என் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை நேரில் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவன் முகத்தைப் பார்ப்பதற்காக நான் யாரோடு வேண்டுமானாலும் உட்கார்ந்து பிளான் போட்டிருப்பேன்.

சம்பந்தியம்மா மறுநாளே சாயங்காலம் நாலு மணிக்கு வந்தார். கடையைக் கட்டிவிட்டு, குளித்து, கஞ்சி போட்ட புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தார். நானோ முப்பது வருஷம் அரசு அலுவலகத்தில் குறிப்பு எழுதிய ஆள். அவர் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் பட்டியலை ஆரம்பித்துவிட்டேன். அரிசி, பருப்புப் பொடி, மழைக்கோட்டு என்று எழுதிக்கொண்டே வந்து, ‘கூடாரம் – மூன்று’ என்று எழுதினேன். சின்னவர்களுக்கு ஒன்று, எங்களுக்கு ஆளுக்கு ஒன்று. “ஒண்ணுலயே ரெண்டு பேரு படுக்கலாமாம், புள்ள சொல்லிச்சு. முதுகுல செமக்கணுமே” என்றார். “எனக்குக் குறட்டை வரும்” என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். வாடிக்கைக்காரர்களின் முகத்தைப் பார்த்தே காலம் தள்ளியவருக்கு என் முகமா தெரியாது? “சரி, மூணுன்னே எழுதிக்கோங்க” என்று சொல்லிவிட்டு வரைபடத்தைப் பார்த்தார்.

அடுத்தது, எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்ற கேள்வி. மலை நடுவில், கடல் வெளிப்பக்கம், வழி அதைச் சுற்றி. முதலில் மலை, பிறகு கடற்கரை என்று போனால் மலை வலப்பக்கம் இருக்கும், முறையான பிரதட்சணம். முதலில் கடற்கரை என்றால் மலை இடப்பக்கம் போய்விடும். இடமாகச் சுற்றுவதெல்லாம் எங்கள் ஆத்தில் சாவுச் சடங்கில் மட்டும்தான். “நல்ல காரியத்துக்கு அப்படிச் சுத்தப்படாது” என்று தீர்மானமாகச் சொன்னேன். சம்பந்தியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிள்ளை அனுப்பியிருந்த தாளை எடுத்தார். அந்தப் பூங்காவில் எந்த நாள் எத்தனை மணிக்குக் கடல்நீர் ஏறும், எப்போது வற்றும் என்ற அட்டவணை அது, எல்லாம் எண்கள்தான். கரையோரத்தில் ஓர் ஓடை கடலில் சேரும் இடத்தைத் தாண்டியாகவேண்டும், பாலம் கிடையாது. “மொத நாளு காலைல எட்டு மணிக்கு தண்ணி வத்திக் கீது, முட்டிக்கு மேல வராது. இது தெனம் முக்கா மணி நேரம் தள்ளித் தள்ளிப் போவும். நீங்க சொல்றாப்ல மலையால போனா மூணாம் நாளு சாயந்தரம்தான் அங்க வருவோம். அப்ப தண்ணி ஏறி நிக்கும், மாருக்கு வரும். தண்ணிக்கு வலம் இடம்லாம் தெரியாது சம்மந்தி.”

அவர் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் பிடிவாதம் இன்னும் கூடியது, என் சுபாவம் அப்படி. ஒரு வாரம் இழுபறி. ஒரு நாள் கோபத்தில் என்னுடைய திட்டத்தை மட்டும் தனியாக ஃபோனில் தட்டி, அனுப்புகிற பொத்தான் வரைக்கும் விரலைக் கொண்டுபோய்விட்டேன். அனுப்பினால் டிக்கெட் இல்லை, பிள்ளை இல்லை என்ற நினைப்பு வந்ததும் கை நின்றுவிட்டது. இதற்கு நடுவே சுமை பழகவேண்டும் என்று ஐந்து கிலோ அரிசியைப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு தினமும் நாலு மாட வீதியையும் சுற்றினேன். முதல் சுற்றில் பூக்காரி, “இன்னா மாமி, ஊருக்கா?” என்றாள். மூன்றாவது சுற்றில், “இன்னுமா பஸ்சு வரல?” என்றாள்.

அந்தச் சனிக்கிழமை சம்பந்தியம்மா ஃபோன் செய்து, சுமையோடு மணலுக்கு வரச் சொன்னார். பட்டினப்பாக்கத்திலிருந்து அடையாறு கடலில் கலக்கும் இடம் வரைக்கும் மணலிலேயே நடந்தோம். எனக்கு மூச்சு வாங்கியது, அவர் மாட வீதியில் நடப்பவர் போல நடந்தார். ஆற்று முகத்தில் திரும்பி வடக்கே பத்தடி வைத்ததும் நின்று, “இப்ப கடலு எந்தக் கைப்பக்கம் கீது?” என்று கேட்டார். வலது கை என்றேன். “அங்கயும் நான் சொல்ற வழில போனா மூணு நாளும் கடலு இந்தக் கைப்பக்கம்தான். நீங்க மலையச் சுத்துறதாவே நெனச்சிக்கினு கீறீங்க. கடலச் சுத்துறதா நெனச்சுக்கோங்க. எங்களுக்கு அதான் சாமி.” கடலை எப்படிச் சுற்ற முடியும், அது வெளியே அல்லவா இருக்கிறது என்று வாதாட வாயெடுத்தேன். யோசித்தால், உருண்டையான உலகத்தில் அந்த நிலம்தான் சின்னது. உலகத்துத் தண்ணீர் முழுவதும் எங்கள் வலது கைப்பக்கம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் சிரித்தார். “ஒரு வாரமா இதான் ரோசன. ஒங்க மனசு கோணாம போய்ட்டு வரணுமில்ல” என்றார்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை. தண்ணீர்க் கணக்கு அவர் பக்கம் இருந்தது. பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். அப்படிச் செய்யாமல், மீன் கடையில் உட்கார்ந்து ஒரு வாரம் எனக்காக ஒரு பிரதட்சணத்தைத் தேடியிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. கல்யாண மண்டபத்தில் வராத வெட்கம் அன்றைக்குச் சேர்ந்து வந்தது.

அந்த நடைக்குப் போய் வந்தும் ஆயிற்று. ஓடையில் தண்ணீர் முட்டிக்குக் கீழேதான் இருந்தது. கேட்கிறவர்கள் எல்லோரும் கங்காரு பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறார்கள், பார்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுவது அதற்கு முந்தைய ஒரு சாயங்காலத்தை. திட்டத்தைச் சுத்தமாகப் பிரதி எடுத்துக்கொண்டு, முதல் தடவையாக ஹவுசிங் போர்டு மாடிப்படி ஏறினேன். கதவைத் திறந்த சம்பந்தியம்மாவுக்கு என்னை எங்கே உட்காரவைப்பது என்று தெரியவில்லை. நாற்காலியை இரண்டு தரம் துடைத்தார். கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, பசிக்கிறது என்றேன். இட்லி வந்தது, நாலு சாப்பிட்டேன்.

நான் சாப்பிடச் சாப்பிட அவர் தாளில் விரலை ஓட்டி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தார். ‘வழி: கடலை வலமாக’ என்ற இடத்தில் தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்த வரி, ‘கூடாரம் – இரண்டு. சின்னவர்களுக்கு ஒன்று, அம்மாக்களுக்கு ஒன்று.’ விரல் அங்கேயே நின்றது. இன்னொரு முறை மனதுக்குள் படித்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் இட்லியைப் பிட்டுக்கொண்டே அவரைப் பார்த்தேன். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

“ஒங்காளுங்க வடக்கால தல வெச்சிப் படுக்கமாட்டீங்களே. எந்தப் பக்கம்னு சொல்லிடுங்க, நானும் அப்டியே படுத்துக்கிறேன்.”

“நீங்க எந்தப் பக்கம் வெச்சுக்கறேளோ, அந்தப் பக்கமே நானும்” என்றேன்.