அத்தை தொட்டுத் திரும்பிய சுவர்

என் மேஜை இழுப்பறையில் நாலாக மடித்த ஒரு தாள் இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு சிற்றூர்த் தேநீர்க்கடையில் இலவசமாக எடுத்தது. ஒரு குன்றைச் சுற்றி நடந்து வருவதற்கான வழிக்குறிப்பு, எண்ணிட்ட பதினான்கு வரிகள். முதல் வரி, தேவாலய வாசலில் தொடங்கவும் என்று இருக்கும். இரண்டாவது, கல்லறைத் தோட்டத்தின் பின்கதவு வழியாக வெளியேறவும். பதினான்காவது, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வீர்கள். மடிப்புகளில் அந்த ஊர்ச் சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறது. ஏழாவது வரியின் மேல் என் கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கிறது. அந்த வரியில்தான் எனக்குக் கோபம் வந்தது.

'பண்ணை வீட்டு முற்றத்தின் ஊடாக நடக்கவும். கதவை மூடிவிட்டுச் செல்லவும்.' அவ்வளவுதான் அந்த வரி. அலுவலக வேலையாக ஆறு மாதம் அங்கே போயிருந்தபோது, ஒரு சனிக்கிழமை தனியாக அந்தச் சுற்றை நடந்தேன். முற்றத்தில் ஒருவர் டிராக்டர் கழுவிக்கொண்டிருந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்து, சொல்ல வேண்டிய மன்னிப்பை மனதுக்குள் கோத்து வைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, ஓடைப் பக்கம் வழுக்கும், பார்த்துப் போ என்று சொல்லிவிட்டு மறுபடி குழாயைத் திருப்பினார். கொட்டகையை ஒட்டி ஒரு மரக்கம்பம், அதில் மஞ்சள் அம்புக்குறி. மக்கள் காலங்காலமாக நடந்த வழி என்பதால் அந்த நாட்டில் அது பொதுவழி, நிலம் யாருடையதாக இருந்தாலும். எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். எட்டு, ஒன்பது, பத்து என்று மூன்று வரிகளை நான் எதையும் பார்க்காமல் நடந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது தாடை வலித்த பிறகுதான் தெரிந்தது. என் கண்ணில் நின்றது அந்தக் குன்று இல்லை, அத்தையின் உள்ளங்கை. சிமெண்டுச் சுவரில் பதித்து எடுத்த, சாம்பல் பூத்த உள்ளங்கை.

அத்தை என் அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்டவர்களிடம், "டைம் டேபிள்ல இடம் இல்ல" என்பார். முப்பது வருடத்துக்கு மேல் தாம்பரம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவர். கம்பிக்குப் பின்னால், மின்விசிறி சத்தத்தில், ஒரு நாற்காலியில். அந்த நாற்காலிக்கு எதிராக அவர் வைத்திருந்த ஒரே ஏற்பாடு ஞாயிற்றுக்கிழமை நடை. காலை ஆராதனை, மதியச் சாப்பாடு, ஒரு சின்னத் தூக்கம். நாலரைக்கு கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, சேலையை ஒரு சாண் உயர்த்திச் செருகி, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மலையைச் சுற்றக் கிளம்பிவிடுவார். மலை என்பது பெரிய வார்த்தை. குவாரிக்காரர்கள் பாதியைத் தின்றுவிட்டுப் போன ஒரு பாறைக் குன்று. ஆனால் அதன் அடிவாரத்தைச் சுற்றி ஓர் ஒற்றையடிப் பாதை இருந்தது. ரேஷன் கடையின் பின்பக்கம் தொடங்கும். குவாரிக் குட்டை, கருவேலங்காடு, படிக்கட்டுக் கிணறு, பிள்ளையார் கோவில், திரும்பவும் ரேஷன் கடை. எழுபது நிமிடம். நான் சரிபார்த்திருக்கிறேன், பத்து வயதில் எனக்குக் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்ததே தப்பு என்று அம்மா சொல்லுமளவுக்கு எல்லாவற்றையும் நேரம் பார்த்து எழுதி வைத்திருந்தேன்.

என்னை அவரோடு அனுப்பியது அம்மாதான், அத்தை தனியாகப் போகக் கூடாது என்று. அத்தைக்கு என்னைக் கூட்டிப்போவதில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. வழியில் பேசவே மாட்டார். குட்டையில் கல் எறிய நின்றால், "நிக்காத. வண்டி போயிரும்" என்பார். எந்த வண்டி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பிள்ளையார் கோவில் வாசலில் பூக்கட்டும் அம்மா மட்டும் அவரை விடமாட்டார். "இன்னா டிக்கெட்டம்மா, வேதக்கார வூட்டு கிரிவலமா? பௌர்ணமி அன்னிக்கி வந்தா புண்ணியம் ஜாஸ்தி!" "புண்ணியம் உனக்கு, தொப்ப குறையறது எனக்கு. அதுல பங்கு கேக்காத" என்று நிற்காமலே பதில் சொல்லிக்கொண்டு போவார் அத்தை.

அதே வழியில் திரும்பி வருவது மட்டும் அவருக்கு ஆகாது. ஒரு முறை கிணற்றருகே மழை பிடித்துக்கொண்டது. வந்த வழியே போனால் கருவேலங்காட்டில் ஒதுங்கலாம் என்றேன். "முப்பது வருஷமா ஊருக்கே ரிட்டர்ன் டிக்கெட் குடுத்தவ நான்டி. காலைல போற அதே மூஞ்சி, சாயந்திரம் அதே பிளாட்ஃபாரத்துல வந்து எறங்கும். வாரத்துக்கு ஒரு தடவயாவது நான் ரிட்டர்ன் இல்லாம வீட்டுக்குப் போறேன், விடு." நனைந்துகொண்டே முன்னால் நடந்தார். அவருடைய வாழ்க்கையைப் பற்றி அவரே என்னிடம் சொன்னது அநேகமாக அது ஒன்றுதான்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். படிப்பு முடித்ததும் பல்லாவரத்தில் ஒரு மாடியில் இருந்த சின்ன வரைபட நிறுவனத்தில் சேர்ந்தேன். பழைய கிராம வரைபடங்களைக் கணினியில் கோடு கோடாகப் பிரதி எடுத்து, மனைப் பிரிவுக்கு ஏற்றபடி சுத்தம் செய்து தருவது வேலை. சேர்ந்த நாலாவது மாதம் திரையில் எங்கள் மலை வந்தது. புல எண்களை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். கிணறு ஒரு சின்ன வட்டம். அதைத் தொட்டுக்கொண்டு, மலையைச் சுற்றி, புள்ளிக்கோடாக அத்தையின் பாதை. சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். சீனியரை அழைத்துக் காட்டினேன்.

"அண்ணா, இங்க ஒரு பாதை இருக்கு. நான் இதுல நடந்திருக்கேன்."

"நீ நடந்தா அது பாதையாயிடுமாம்மா? க்ளையண்ட் கேட்டது பவுண்டரி மட்டும். புள்ளிக்கோடெல்லாம் தூக்கிடு. மூணு மணிக்கு பிரிண்ட் போவணும்."

எங்களுக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருந்தது. அதில் ஒரு வரி, தேவையற்ற கோடுகள் நீக்கப்பட்டனவா என்று கேட்கும். புள்ளிக்கோட்டைத் தேர்ந்தெடுத்து அழித்தேன், பட்டியலில் டிக் போட்டேன், மூலையில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் என் இனிஷியலைப் பதித்தேன். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாக முடித்ததற்குப் பாராட்டும் வாங்கினேன். படத்தில் போனால் என்ன, பாதை தரையில்தானே இருக்கிறது என்று நினைத்தேன். வரைபடம் தரையைப் பார்த்து வரையப்படுவது என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊரில் வரைபடத்தைப் பார்த்துத்தான் தரையை மாற்றுகிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதும்போதே கை கூசுகிறது. தெரிந்துகொள்ள முயலவில்லை என்பதுதான் சரி.

அடுத்த வருடம் சுவர் வந்தது. எட்டடி உயரம், மேலே கண்ணாடிச் சில்லு. உள்ளே வில்லா வீடுகள். கிணறும் உள்ளே போய்விட்டது; அதைச் சுற்றிப் புல்தரை போட்டு விளம்பரப் பலகையில் படமும் போட்டிருந்தார்கள். சுவருக்கு மேற்புறமாக ஏறிச் சுற்றிப் போகலாம் என்றால், அங்கே குவாரி வெட்டிய செங்குத்துப் பாறை.

அத்தை நடையை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. நாலரைக்குக் கிளம்பிச் சுவர் வரை போவார். நாற்பது நிமிடம். வலது உள்ளங்கையைச் சுவரில் பதிப்பார். திரும்பி, வந்த வழியே முழுவதும் நடந்து ரேஷன் கடைக்கு வருவார். அங்கே நிற்காமல் மறுதிசையில் பிள்ளையார் கோவில் தாண்டிப் போய், சுவரின் அந்தப் பக்கத்தையும் தொட்டுவிட்டுத் திரும்புவார். எழுபது நிமிடச் சுற்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இருட்டிவிடும். முழங்கால் வீங்கிவிடும். "என்னக்கா இது பைத்தியக்காரத்தனம்?" என்று அப்பா கத்தினால், "சுத்து முடியணும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு காலுக்குத் தைலம் தேய்ப்பார். காவலாளி அவரைப் பார்த்துச் சிரிப்பான். "இன்னா ஆயா, வூட்டுக்காரர் உள்ள கீறாரா? தெனம் வந்து தட்டிப் பாக்குற?" "தெனம் இல்லடா, வாராவாரம்" என்பார் அத்தை. ரிட்டர்ன் டிக்கெட் வேண்டாம் என்று சொன்ன மனுஷி, ஒரே மாலையில் இரண்டு ரிட்டர்ன் நடந்துகொண்டிருந்தார்.

தாலுகா அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். அங்கிருந்தவர், வில்லாக்காரர்கள் கொடுத்திருந்த வரைபடத்தை விரித்தார். "பாரும்மா. பாத எங்க கீது? மேப்ல இல்லாத பாதைய நான் எங்கேந்து எடுத்துக் குடுக்கறது?" "நீங்க பொறக்கறதுக்கு முன்னாலேருந்து நான் அதுல நடக்கறேன் சார்." "நடந்ததுக்கு ரசீது கீதா?" பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. "ரசீது குடுத்துதான் சார் எனக்குப் பழக்கம்" என்றார். நான் படத்தின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'வரைந்தவர்' கட்டத்தில் என் இனிஷியல். அத்தையின் கண்ணுக்கு அந்தச் சின்ன எழுத்து தெரியாது. புள்ளிக்கோடு அழிக்காத மூலப்படத்தின் பிரதி என் பென்டிரைவில் இருந்தது. எதையும் தூக்கிப் போடாத பழக்கம் எனக்கு. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போது அடுத்த வேலைக்கு முயன்றுகொண்டிருந்தேன், பழைய நிறுவனத்தின் சான்றிதழ் வேண்டியிருந்தது. இதற்கு மேல் காரணம் எதுவும் இல்லை. அத்தைதான் திரும்பி வரும் பேருந்தில் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார்.

சீனியர் மேல், வில்லா கட்டிய புரமோட்டர் மேல், சிரித்த மேஜைகள் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் வசதியான கோபம். அந்தப் பண்ணை முற்றத்தில்தான் அது என் பக்கம் திரும்பியது. ஒரு மஞ்சள் அம்புக்குறிக்கு அங்கே இருந்த நாணயம் எனக்கு இல்லை.

ஊர் திரும்பிய வாரம், மூலப்படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து அத்தையின் சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ரேஷன் கடை இருக்கும் இடத்திலிருந்து புள்ளிகளின் மேல் விரலை ஓட்டினார். குட்டை, காடு, கிணறு, கோவில். விரல் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது.

"இது எங்க இருந்துச்சு?"

"என்கிட்ட."

"எவ்ளோ நாளா?"

"அஞ்சு வருஷமா. அழிச்சதும் நான்தான் அத்தை."

அத்தை கண்ணாடியைக் கழற்றிப் படத்தின் மேல் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. "தாலுகா ஆபீஸ்ல என் பக்கத்துலதான நின்ன?" என்று கேட்டார். நான் தலையசைத்தேன். அவர் எழுந்து போய், டிக்கெட் கவுண்டர் காலத்து நீல மசிப் பேனாவையும் ஒரு வெள்ளைத்தாளையும் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "நீ அழிச்சதையும் எழுது. அங்க என்ன இருந்துச்சுன்னும் எழுது. கையெழுத்து போடு. அப்புறம் என்கிட்ட பேசு."

நான் செய்ததை முதலில் எழுதினேன்: தேதி, நிறுவனம், என் பெயர். அதன் கீழே பாதையை எண்ணிட்டு எழுதத் தொடங்கினேன். இங்கிலாந்துத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஒன்று, ரேஷன் கடையின் பின்பக்கம் தொடங்கவும். ஐந்தாவது வரியில் கருவேலங்காடு முடிந்தது. ஆறாவது வரியில் இன்று சுவர் நிற்கிறது. அத்தை எதிரே உட்கார்ந்து என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு, கிணற்றை இடப்பக்கம் விட்டு நேராக நடக்கவும் என்று எழுதினேன். ஒன்பது, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வீர்கள். கீழே, இனிஷியல் இல்லை, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.