ஹாஸ்டல் நிரம்பும்வரை பஸ் கிடையாது

1. முதல் நாள்

கோவையில் பீளமேட்டைத் தாண்டி இருக்கும் ஒரு தனியார் ஆண்கள் பள்ளியில் பத்தொன்பது வருடம் அட்மிஷன் கவுன்சிலராக இருந்தேன். ஹாஸ்டலும் உண்டு, டே ஸ்காலரும் உண்டு. பிள்ளைக்கு எது நல்லது என்று பெற்றோர் தேர்ந்தெடுக்க உதவுகிறேன் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். எங்களுக்கு எது நல்லதோ அதைத் தேர்ந்தெடுக்க வைத்தேன் என்று இப்போது சொல்லலாம், ரிட்டயர் ஆகிவிட்டேன். அந்த நாற்காலியில் இன்று உட்கார்ந்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்று கரஸ்பாண்டன்ட் கூப்பிட்டுச் சொன்னார்: "அம்மணி, வர்றவங்களுக்கு மொதல்ல நீச்சல் கொளத்தக் காட்டிப்போடுங்க. கடைசியா மெஸ்ஸு. பதினோரு மணிக்கு மேல கூட்டிட்டுப் போனீங்கன்னா சாம்பார் வாசமே மிச்சத்தப் பேசிக்கும்."

அப்படியே செய்தேன். நீச்சல் குளம், லேப், ஸ்மார்ட் கிளாஸ், டார்மிட்டரி, மெஸ். சீசனில் ஒரு நாளைக்கு ஐந்து ரவுண்டு. என் முழங்காலைக் கேட்டால் கணக்குச் சொல்லும்.

2. இன்னோவாவில் வருகிறவர்கள்

நம் பக்கத்து ஆட்கள் பள்ளிக்கூடம் பார்க்கத் தனியாக வருவதில்லை. அப்பா, அம்மா, தாய்மாமன், பெரியப்பா எல்லோரும் ஒரே வண்டியில் வந்து இறங்குவார்கள். பையன் கடைசியில் இறங்குவான். ரிசல்ட்டைப் பற்றி ஒரு கேள்வி, வாத்தியார்களைப் பற்றி அரைக் கேள்வி. அப்புறம் முக்கியமான கேள்வி வரும்: "நம்ம சொந்தத்துல யாரு பையன் இங்க படிக்கறானுங்க?" ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் முக்கால்வாசி அட்மிஷன் முடிந்தது.

அம்மாக்கள் மட்டும் வேறு மாதிரி பார்ப்பார்கள். டார்மிட்டரி பாத்ரூம் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்ப்பார்கள். தலையணையை அமுக்கிப் பார்ப்பார்கள்.

3. அந்த ஏப்ரல்

அந்த வருடம் புது ஹாஸ்டல் பிளாக் கட்டி முடித்திருந்தார்கள். பாதிக் கட்டில் காலி. அதே சமயம் மேட்டுப்பாளையத்துக்குப் புது பஸ் ரூட் விடுவதென்று முடிவாகி, டிரைவர் ஒரு தடவை டிரையலும் ஓட்டிப் பார்த்துவிட்டார். கரஸ்பாண்டன்ட் ரூட் லிஸ்ட்டை என் கையில் கொடுத்து, "இது டிராயர்லயே இருக்கட்டுங்க. ஹாஸ்டல் ரொம்பட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார். இந்தத் தொழிலில் இதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. 'ரூட்டை ஹோல்டு பண்ணுவது' என்று பெயர்.

அந்த வாரம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா பாக்கு வியாபாரி. அம்மா பூங்கொடி. பையன் கவின், ஆறாம் வகுப்புக்கு. கூடவே அப்பாவின் அண்ணன்; அவர் மகன் ஏற்கெனவே எங்கள் ஹாஸ்டலில் இருந்தான்.

எல்லாம் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் பூங்கொடி கேட்டார்: "ஏனுங்க மேடம், மேட்டுப்பாளையத்துக்கு பஸ் வருமுங்களா? வந்துச்சுன்னா பையன் ஊட்ல இருந்தே வந்துருவானுங்க."

"இப்போதைக்கு இல்லைங்க."

"அடுத்த வருசமாச்சும்?"

"சொல்ல முடியாதுங்க."

பெரியவர் குறுக்கே வந்தார். "அதான் இல்லீங்கறாங்கல்ல அம்மணி. நாலு பசங்களோட இருந்தாத்தான் தைரியம் வரும். எம்பையன் இல்லியா?" கணவர் வாயே திறக்கவில்லை. அண்ணன் பேசினால் தம்பி பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை போலிருக்கிறது. பஸ் என்ற ஒன்றைத்தான் அந்த அம்மா நம்பி வந்திருந்தார். அதை நான் எடுத்துவிட்டேன்.

அட்மிஷன் பாரத்தில் 'போர்டிங்' என்ற கட்டத்தில் பூங்கொடியே டிக் போட்டார். பையன் என்னைப் பார்த்து, "பஸ் வந்தா நான் ஊட்டுக்குப் போலாமுங்களா மிஸ்?" என்றான். "பாக்கலாம் கண்ணு" என்றேன். லிஸ்ட் என் முழங்காலுக்கு நேரே டிராயரில் இருந்தது.

4. நாற்பது நாள்

ஹாஸ்டலில் சேர்ந்த பிள்ளையை முதல் நாற்பது நாள் பெற்றோர் பார்க்கக் கூடாது என்பது எங்கள் பள்ளி விதி. ஜூன் கடைசியில் மேட்டுப்பாளையம் பஸ் ஓட ஆரம்பித்தது. கடைக்குப் போன பூங்கொடி, தன் தெரு முனையிலேயே எங்கள் மஞ்சள் பஸ் நிற்பதைப் பார்த்து டிரைவரிடம் கேட்டிருக்கிறார். அந்த மனுசனுக்கு மறைக்கத் தெரியாது. "ஏப்ரல்லயே டிரையல் ஓட்டுனமுங்களே" என்று சொல்லிவிட்டார்.

நாற்பதாம் நாள் முடிந்ததும் பூங்கொடி இரண்டு பஸ் மாறித் தனியாக வந்தார். சத்தம் போடவில்லை.

"உங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்களா மேடம்?"

என்னிடம் நாலைந்து பதில்கள் தயாராக இருந்தன. எல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்தவை. அன்றைக்கு ஒன்றையும் எடுக்கத் தெம்பில்லை. "தெரியுமுங்க" என்றேன்.

"பஸ் இல்லியே, வேற என்ன பண்றதுன்னு சொல்லித்தானுங்க நான் மனசத் தேத்திக்கிட்டேன்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

டே ஸ்காலருக்கு மாற்றும் பாரத்தை நானே எழுதினேன். கரஸ்பாண்டன்ட் முகம் சுளித்தார். "நான் சொன்ன பொய்யிங்க சார், நானே சரி பண்ணிக்கறேன்" என்றேன். கையெழுத்துப் போட்டார். கவினைக் கூட்டிவரச் சொன்னேன்.

ஒட்ட வெட்டிய முடியோடு வந்து நின்றான். எனக்கு ஒரு குட் மார்னிங் சொன்னான், அம்மாவுக்கும் அதே குட் மார்னிங்.

"பஸ் வந்துருச்சு கண்ணு. பொட்டிய எடுத்துட்டு வா, ஊட்டுக்குப் போலாம்" என்றார் பூங்கொடி.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "வேண்டாம்மா. இப்பத்தான் அழுகாமத் தூங்கப் பழகியிருக்கேன்."

பூங்கொடி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே நின்றான். பெல் அடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டான்.

5. படித்த பாடம்

மறு வருடத்திலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் ரூட் லிஸ்ட்டைக் கொடுத்தேன், நீச்சல் குளமெல்லாம் அதற்குப் பிறகுதான். திட்டு வாங்கினேன், இன்கிரிமென்ட் போனது. பெரிய வீரம் ஒன்றுமில்லை. மறுபடி அந்த மாதிரி ஒரு காலைப் பொழுதைத் தாங்க என்னால் ஆகாது. தெரிந்த பதிலை, அவர்கள் கேட்ட அன்றைக்கே சொல்லிவிடுங்கள். தாமதமாகச் சொன்னால் பாரத்தை மட்டும்தான் மாற்ற முடியும்.

கவின் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஹாஸ்டலிலேயே இருந்தான். நல்ல மார்க்தான். ஒவ்வொரு பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கும் பூங்கொடி வந்தார். என்னைப் பார்த்தால் ஒரு குறையும் சொல்லாமல், "நல்லாருக்கீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போவார். அந்த ஏழு வருடமும் எழுந்து நின்றுதான் அவருக்குப் பதில் சொன்னேன்.