இருபத்து மூன்று வரை

“பதினேழு, ரெண்டு, மூணு, நாலு. பதினெட்டு, ரெண்டு, மூணு, நாலு.” காலையில் ரொட்டி வாங்கி வந்த கையோடு மாடி வீட்டு ரூடிகர் எண்ணத் தொடங்கிவிடுவார். இருபத்து மூன்று முடிந்ததும் அவருடைய வியோலா பாடும். வயலினுக்கு அண்ணன் அது. குரல் சற்றுத் தடிப்பு.

நான்கு பேர் வாசிக்க வேண்டிய இசை. மற்ற மூவர் வாசிக்க, இவர் சும்மா இருக்கவேண்டிய இடத்தைத்தான் அப்படி நான்கு நான்கு தாள அடியாக எண்ணிக் கடக்கிறார். மூவர் இல்லை. மூன்று நாற்காலிகள் உண்டு.

“ஏம்ப்பா ரூடி, காலி நாற்காலிக்கு எதுக்குத் தலையாட்டுற?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அது முதல் வயலின்ங்க. கண்டுக்கலேன்னா கோவிச்சுக்கும்.”

அந்த இசையை எழுதியவர், ஜெர்மனியில் எல்பா ஆற்றங்கரையிலுள்ள எங்கள் ஊரிலேயே நூற்றைம்பது வருஷத்துக்கு முன் வாழ்ந்த எமில் டோர்ன்ஹைமர். அவர் பெயரில் இங்கே ஒரு சந்துகூட இல்லை. தேவாலயத்தில் ஆர்கன் வாத்தியத்துக்குப் பின்னால் கிடந்த தாள்களை ரயில்வேயில் ஓய்வு பெற்ற ரூடிகர்தான் கண்டெடுத்தார். பெரிய குழுவுக்கான சிம்பொனியும் அதில் இருந்தது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் கையால் படியெடுத்துச் சமையலறை அலமாரியில் அடுக்கியிருக்கிறார். தட்டுகள் தரையில்.

நகர இசைக்குழுவின் நடத்துநர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “பேரே தெரியாத ஆளு. யாருய்யா வந்து உக்காருவா?” என்றாராம். அது நடந்தே பன்னிரண்டு வருஷம் ஆயிற்று.

“ஒரே ஒரு தடவை நாலு பேராக் கேட்டுட்டாப் போதுங்க,” என்பார் ரூடிகர். சொல்லிச் சொல்லியே என் உருளைக்கிழங்கு சூப்பை ஆறவிடுவார்.

எனக்கு எழுத்தே தெரியாது, இசை எங்கே தெரியும்? ஆனால் கூரை வழியாகக் கேட்டுக் கேட்டு அந்த இருபத்து மூன்று எனக்கும் மனப்பாடம். அவர் ஒருநாளும் தவறியதில்லை. நம்பாதவர்கள் என் வீட்டில் வந்து உட்கார்ந்து எண்ணிப் பார்க்கட்டும்.

சென்ற மாதம் டிரெஸ்டன் நகரில் இசை படிக்கும் மூன்று பெண்கள் வந்தார்கள். நாற்காலிகள் நிறைந்தன. நானும் ஓரமாக உட்கார்ந்தேன். அந்த இடம் வந்தது. மனசுக்குள் எண்ணினேன். இருபத்து மூன்று முடிந்தது, இருபத்தைந்தும் ஆயிற்று. அவருடைய வில் மடியிலேயே கிடந்தது.

“ஐயா, உங்க இடம் போயிடுச்சு!” என்று சிரித்தாள், பெரிய வயலின் போன்ற செல்லோவை வாசித்தவள்.

“மன்னிச்சுக்கம்மா. கேட்டுக்கிட்டே இருந்துட்டேன்.”

மறுபடி வாசித்தார்கள், சரியாக வந்தது. ஐந்து மணி ரயிலுக்குப் போய்விட்டார்கள். பரீட்சை, படிப்பு, அப்புறம் வரவில்லை.

இப்போதும் காலையில் வியோலா கேட்கிறது. எண்ணும் சத்தம்தான் இல்லை. நேற்று சூப்போடு மாடியேறி எட்டிப் பார்த்தேன். முதல் நாற்காலிப் பக்கம் தலையைச் சாய்த்து, எதையோ கேட்பவர்போல், உதடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்று நான் எண்ணினேன். இருபத்து மூன்று முடிந்த அதே நொடியில் வில்லை எடுத்தார்.