தன் விலக்கைத் தானே வாசித்தவர்

பூசை முடிந்ததும் எங்கள் பாதிரியார் இஸ்னார் சாமி, பீடத்தின் முன் குந்தி உட்காருவார். கல்லில் சொட்டி உறைந்த மெழுகைக் கத்தி முனையால் சுரண்டி, புறா முட்டை அளவு திரண்டதும் அங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வார். எங்கள் மலைக்கோவிலின் வருமானம் அப்படி. போன ஞாயிற்றின் மெழுகில்தான் இந்த ஞாயிறு எரியும்.

தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு, பாப்பரசரின் வரி வசூலிப்பவர் அனுப்பிய ஆள் முத்திரைக் கடிதத்தோடு வந்தான். பூசையில் எல்லோர் முன்னும் வாசிக்க வேண்டுமாம். ஊரில் எழுத்துத் தெரிந்தவர் சாமி ஒருவர்தான். லத்தீனில் இருந்த அதில் கண்ணை ஒருமுறை ஓட்டினார். பிறகு எங்கள் பேச்சிலேயே நிதானமாகச் சொன்னார்: கோவில் வருமானத்தில் பாப்பரசருக்குச் சேரவேண்டிய பத்தில் ஒரு பங்கு, பதினைந்து சூ காசு, வந்து சேரவில்லை. கட்டும் வரை இஸ்னார் திருச்சபைக்குப் புறம்பானவர். பூசை வைக்கக்கூடாது. கோவிலுக்குள் கால் வைக்கக்கூடாது.

விலக்கு அறிவிக்கும் முறைப்படி மெழுகுவர்த்தியைக் கவிழ்த்து அணைத்தார். சிந்திய மெழுகை நோக்கிக் கை தானாகப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டு வெளியே நடந்தார்.

உயிர்ப்புப் பெருநாளுக்கு நான்கு வாரம்தான். சாமி இல்லையென்றால் எங்களுக்குப் பூசையும் இல்லை, நற்கருணையும் இல்லை.

ரொட்டி அடுப்பு வைத்திருந்த அலசாயிஸ் அவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “இந்த ஊர்ல வேற எவனுக்கு எழுத்து தெரியும், சாமி? மழைக்கு ஜெபம்னு சொல்லி ரெண்டு வரி முணுமுணுத்திருந்தா முடிஞ்சு போச்சு!”

“மேல இருக்கறவருக்கு லத்தீன் தெரியுமே ஆத்தா.”

ஆட்டுக்காரன் ஃபுல்க் சிரிக்கவில்லை. “எங்கிட்ட கோவில் பங்குன்னு பத்தாவது குட்டியைத் தப்பாம ஓட்டிட்டுப் போனீங்க. பாப்பரசர் பங்கை மட்டும் தின்னுட்டீங்களாக்கும்?”

மறுநாள் சாமி அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடிக்கு மண் கொத்தப் போனார். நாள் கூலி ஆறு தெனியே, அதாவது அரை சூ. கொடிகளுக்கு நடுவே குனிந்த அந்த முதுகைப் பார்த்துவிட்டு, பேசாமல் கடந்து போனவர்களில் நானும் ஒருவன்.

பெருநாள் நெருங்கியபோது இன்னும் நான்கு சூ குறைவாக இருந்தது. ஃபுல்க் இரண்டு குட்டிகளை விற்றுக் காசைக் கொண்டுவந்து நீட்டினான்.

“உங்களுக்காக இல்ல. பூசை இல்லைன்னு பொண்டாட்டி வீட்ல ஒப்பாரி வைக்கறா. அது தாங்கல.”

பெரிய சனிக்கிழமை மாலை, மன்னிப்புச் சீட்டோடு சாமி மலை ஏறி வந்தார். மறுநாள் பூசை நடந்தது. ஆனால் ‘வரி தின்ற சாமி’ என்ற பெயர் சாகும்வரை அவரை விடவில்லை.

அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்து, நகரத்தில் எழுத்தர் ஒருவரிடம் லத்தீன் படித்துத் திரும்பிய நான், கோவில் பெட்டியில் கிடந்த அந்தக் கடிதத்தைப் பிரித்தேன். அவர் எங்களுக்குச் சொல்லாத வாசகம் ஒன்று அதில் இருந்தது. பாக்கி வைத்தவர் அவரல்ல; பதவியோடு அவர் தலையில் விழுந்த பாக்கி அது. வைத்தவர், எங்களில் பாதிப்பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்து, அவருக்கு முன் இதே கோவிலில் இருந்து இறந்துபோன ரெபோ சாமி. பணம் வராவிட்டால் ரெபோவின் எலும்புகளைக் கல்லறையிலிருந்து தோண்டி வெளியே எறிய வேண்டும் என்று எழுதியிருந்தது.