யூ போல்ட் இறுக்கிய சனிக்கிழமைகள்

லோடு அடிக்கிறவர்கள் மத்தியில் அவருக்கு 'முப்பது' என்று பெயர். பிக்கப் வண்டியை முப்பதுக்கு மேல் ஓட்டமாட்டார். மனைவி இருந்தவரை அவளும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எல்லா லோடுக்கும் போய்வந்தாள். வேகமெடுத்தால் அவர் தொடையில் ஒரு தட்டு விழும். அவள் இறந்து இரண்டு வருடமாகியும் ஸ்பீடாமீட்டர் முள் முப்பதைத் தாண்டவில்லை.

பூந்தொட்டியும் பழைய கட்டிலும் ஏற்றிக்கொண்டிருந்தவருக்கு ஒரு கொத்தனார் பெரிய வேலை கொடுத்தார். வண்டியில் சிமெண்ட் மூட்டைகள். பின்னால் கொக்கி மாட்டிக் கலவை மெஷினையும் இழுக்க வேண்டும். முதல் நாளே வண்டியின் பின்பக்கம் தொப்பென்று உட்கார்ந்து, மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. மேட்டில் ஸ்டீயரிங் கனமே இல்லாமல் சுழன்றது. சந்து முனைச் சுவருக்கு ஒரு சாண் இருக்கையில்தான் வண்டி நின்றது. "பாத்தியா?" என்று காலியாக இருந்த பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

பட்டறைக்காரர் வண்டிக்கடியில் எட்டிப் பார்த்தார்.

"ஸ்பிரிங் பட்டை தொய்ஞ்சு போச்சுண்ணே. பக்கத்துக்கு ரெண்டு பட்டை கூட்டணும். காலியா இருக்கறப்பவும் லோடோட இருக்கறப்பவும் பின்பக்கம் எவ்வளவு உயரம்னு அளந்துட்டு வாங்க. ஒருத்தர் டேப்பைப் பிடிச்சுக்கணும். வீட்ல ஆளிருக்குல்ல?"

"இருக்கு."

வாசலில் டேப்பின் நுனியைச் செங்கல்லுக்கடியில் வைத்து, சக்கரத்துக்கு மேலே இழுத்தார். மூன்று முறை நழுவியது. நாலாவது முறை செங்கல்லைக் காலால் மிதித்துக்கொண்டு, வளைந்து நெளிந்து அளந்து முடித்தார்.

பட்டைகளையும், அவற்றை அச்சோடு இறுக்கிப் பிடிக்கிற புது யூ போல்ட்டுகளையும் மாட்ட ஒரு பகல் ஆனது.

"இனி பின்னாடி தொங்காது. அதுக்காக வண்டிக்குச் சொன்ன அளவுக்கு மேல ஏத்திடாதீங்க. வேகத்தைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல," என்று சிரித்தார் பட்டறைக்காரர். "புது போல்ட் கொஞ்சம் தளரும். ஒரு வாரம் ஓட்டிட்டு வாங்க, இறுக்கித் தர்றேன்."

லோடு ஏற்றினால் வண்டி இப்போது நேராக நின்றது. காலியாகத் திரும்பும்போதுதான் ஒவ்வொரு குழிக்கும் தூக்கிப் போட்டது.

சனிக்கிழமை போனார். பட்டறைக்காரர் போல்ட்டை இறுக்கினார், டீ வாங்கிவந்தார், மகள் கணக்கில் வாங்கிய மார்க்கைச் சொல்லி அலுத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமையும் போனார். "என்னவோ சத்தம் வருது," என்றார். அதற்கடுத்த வாரமும் அதே சத்தம்.

நாலாவது வாரம் ஸ்பானர் அசைய மறுத்தது.

"கல்லு மாதிரி இருக்குண்ணே. வாரா வாரம் இங்க வந்துடறீங்க, வீட்ல தேடமாட்டாங்களா?"

"தேட ஆளில்லப்பா."

அன்றைக்கு 'இருக்கு' என்று சொன்னவருக்கு இப்போது பட்டறைக்காரரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டீ பாதியிலேயே எழுந்துவிட்டார். ஐந்து வாரம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

ஆறாவது சனிக்கிழமை மனம் கேட்காமல் போனபோது பட்டறை பூட்டியிருந்தது. வண்டிக்குள் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார்.

திங்கட்கிழமை போன் வந்தது.

"வந்தீங்களாமே, பக்கத்துக் கடையில சொன்னாங்க. வண்டிக்கு என்னண்ணே?"

"ஒண்ணுமில்லப்பா. சும்மாதான்."

"சரி. இன்னைக்கு எட்டு மணி வரைக்கும் இருப்பேன்."

அன்று அவர் போகவில்லை. மறுநாள் போனார், சும்மாதான்.