தரையில் கிடக்கும் பியானோ

முழங்காலிட்டு உட்கார்ந்து, தொப்பியால் காகிதத்தின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருக்கிறார் எல்மர் வாஸ். பழுப்புக் காகிதம். படுக்கைவாட்டில் நிற்கும் குட்டி கிராண்ட் பியானோவின் அளவுக்கு, அதே வளைவோடு வெட்டியது. பியானோத் தொழிற்சாலைக்காக ஒஹையோ மாநிலம் முழுக்க இசைக்கடைகளில் ஏறி இறங்குகிறவர், கடைக்காரர் கைகாட்டும் வீடுகளுக்கும் போகிறவர், பியானோவையா தோளில் தூக்கிக்கொண்டு அலைய முடியும்? காகிதம்தான் கச்சேரி செய்கிறது.

"கிராண்டுன்னா அரண்மனை வேணும்னு யார் சொன்னது? இதோ பாருங்கம்மா, உங்க சோபாவுக்கு வலிக்காம உக்காந்துருச்சு!" என்பார். காகிதத்தை மட்டும் மிதிக்கவே மாட்டார். கதவு அந்தப் பக்கம் இருந்தாலும் சுற்றித்தான் போவார். "ஒரு வாரம் இங்கயே கெடக்கட்டும்" என்று விட்டுவிட்டு வந்துவிடுவார். வீட்டில் இருப்பவர்களுக்கும் சுற்றிப்போவது பழகிவிடும். அப்புறம் காகிதத்தைச் சுருட்டினால் கூடமே வெறிச்சென்று ஆகிவிடுகிறது. வாங்காமல் என்ன செய்வார்கள், பாவம்!

சறுக்கியதும் உண்டு. முதல் வருஷம் ஹார்லன் அம்மாள் வீட்டில் காகிதம் கச்சிதமாகப் பொருந்தியது. பியானோ வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, வாசிக்கிறவர் உட்கார இடமே விடவில்லை என்று. "நான் என்ன, சமையல்கட்டுல உக்காந்து வாசிக்கணுமா?" என்று அந்த அம்மாள் பிடிபிடியென்று பிடித்ததில் மனிதர் வியர்த்துப்போனார். அன்றிலிருந்து முக்காலிக்கும் ஒரு வட்டக் காகிதம் பையில் தனியாக இருக்கிறது.

இந்தக் குளிர்காலம் போதாத காலம். ரேடியோப் பெட்டி வந்து வியாபாரத்தை விழுங்கிவிட்டது. எல்லாக் கடைக்காரர்களும் கையை விரித்துவிட்டார்கள். மிச்சம் பிரிங்கர் கடை ஒன்றுதான். அதுவும் நழுவினால் எல்மர் தொழிற்சாலைக்குத் திரும்பிப் பியானோக் கால்களுக்கு உப்புத்தாள் தேய்க்க வேண்டியதுதான். வாயால் வாழ்கிற மனிதருக்கு அதைவிடத் தண்டனை உண்டா?

பிரிங்கர் லேசுப்பட்ட ஆள் இல்லை. "உன் காகித வித்தையெல்லாம் வாங்க வர்றவங்ககிட்ட வச்சுக்க, எல்மர். சுவரோரமா நிக்கற பியானோவுக்கே தூசி தட்ட ஆளில்ல."

"சரி, வேண்டாம் விடுங்க அண்ணே. கடை நடுவுல இது மட்டும் ஒரு வாரம் கெடக்கட்டும்."

"கெடந்துட்டுப் போகட்டும். அந்த மட்டுக்கும் தரை கூட்டற வேலை மிச்சம்."

ஒரு வாரம் கழித்து எல்மர் கடைக் கதவைத் திறந்ததுமே பிரிங்கர் ஆரம்பித்துவிட்டார். "வந்துட்டியா? சுருட்டு அதை. வேண்டாம்னா வேண்டாம்தான்!"

எல்மர் மண்டியிட்டு, காகிதத்தின் ஒரு முனையை மடித்தார்.

"ஏன்யா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? இரு, காபி குடிச்சுட்டுப் போ." பிரிங்கர் பின்கட்டுக்குப் போனார். இரண்டு கையிலும் கோப்பையோடு வந்தார். "இந்த ஊர்ல எவன் வாங்குவான் இதை? சொல்லு!" என்று திட்டிக்கொண்டேதான் வந்தார்.

நேராக வந்திருந்தால் நாலே எட்டு. அவர் காகிதத்தின் வளைவை ஒட்டியே சுற்றி நடந்தார். வால்முனையில் திரும்பும்போது, இடித்துவிடக் கூடாதே என்று முழங்கையை ஒடுக்கிக்கொண்டார்.

எல்மர் மடித்த முனையை மெல்ல விரித்து, தொப்பியால் நீவிவிட்டார்.